அத்தியாயம் 6: மூலநிரல் பக்கத்திலேயே இருக்கட்டும்

பொங்கோலில் உட்பொதி மென்பொருள் வேலை பார்ப்பவரிடம் மூலநிரலை உள்ளூரில் சேமித்து வைக்கச் சொன்னால், "நம்ம ஊர் நெட்டுக்கு என்ன குறைச்சல்?" என்றுதான் கேட்பார். குறைச்சல் ஒன்றும் இல்லை. வீவக வீடுகளுக்கே ஜிகாபிட் ஃபைபர் வருகிறது. ஆனால் பில்ட் நம் கம்பியின் வேகத்தில் நடப்பதில்லை; எதிர்முனையில் இருக்கும் சர்வர் தருகிற வேகத்தில்தான் நடக்கிறது. சிங்கப்பூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சுமார் 13,600 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு கேள்வி போய்ப் பதில் வரக் குறைந்தது 136 மில்லிநொடி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடுதல். நீங்கள் எந்தச் சந்தாவுக்கு மாறினாலும் இந்தத் தூரம் குறையாது.

ஒரே ஒரு பெரிய கோப்பை இறக்குவதென்றால் இந்தத் தாமதம் கண்ணில் படாது. லினக்ஸ் இமேஜ் ஒன்றை யோக்டோவில் கட்டும்போது நூற்றுக்கணக்கான ரெசிபிகள் தத்தம் மூலநிரலைத் தேடிப் போகின்றன. ஒன்று கிட்ஹப்புக்கு, ஒன்று கர்னல் தளத்துக்கு, ஒன்று யாரோ ஒருவர் தன் கைக்காசில் நடத்தும் பழைய சர்வருக்கு. ஒவ்வொன்றுக்கும் முகவரி தேடல், பாதுகாப்புக் கைகுலுக்கல், பிறகுதான் தரவு. அவற்றில் மந்தமான ஒரு சர்வர் போதும், மொத்த பில்டும் அதற்காகக் காத்திருக்க.

இந்த அத்தியாயம் சிறு குழுக்களுக்கானது. ஜேடிசி 50 ஹெக்டேரில் உருவாக்கிவரும் பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தில் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் தொழில் நிறுவனங்களும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. அங்கே நான்கு பேர் கொண்ட ஒரு குழு, கட்டடத்தின் மின்தூக்கிகளிலும் குளிர்சாதனங்களிலும் இருந்து சென்சார் தரவைத் திரட்டும் ஒரு கேட்வே பெட்டியைச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். என்எக்ஸ்பி நிறுவனத்தின் ஐ.எம்எக்ஸ் 8 வகைச் சில்லு; யோக்டோவின் 2024 ஏப்ரல் நீண்டகால வெளியீடான ஸ்கார்த்கேப்; நான்கு மேசைக் கணினிகள், ஒரு பில்ட் மெஷின். இந்தக் குழுவையே கடைசிவரை உதாரணமாகக் கொள்வோம்.

ஒரு குறிப்பு: மாறிகள், கட்டளைகளின் பெயர்களை இந்நூலில் ஒலிப்படி எழுதுகிறோம். கோப்பில் இடும்போது ஆங்கிலத்தில் எழுதுங்கள். அடிக்கோடு, கோலன், கூட்டல் குறி எல்லாம் இங்கே உள்ளபடியே வரும்.

மூன்று நகல்கள், மூன்று வேலைகள்

"லோக்கல் காப்பி" என்று அலுவலகத்தில் பொத்தாம்பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு பொருள்கள்.

முதலாவது, இறக்கிய மூலநிரலின் களஞ்சியம். டார்பால்களும் கிட் நகல்களும் இதில் இருக்கும். இரண்டாவது, ஏற்கெனவே கட்டி முடித்த பகுதிகளின் சேமிப்பு. யோக்டோவில் இதற்கு எஸ்ஸ்டேட் கேஷ் என்று பெயர். மூன்றாவது, நீங்கள் இப்போது திருத்திக்கொண்டிருக்கும் நிரலின் வேலைப்பிரதி. களஞ்சியம் ஊறப்போட வைத்திருக்கும் அரிசி உளுந்து. எஸ்ஸ்டேட் அரைத்து வைத்த மாவு. வேலைப்பிரதி கல்லில் கிடக்கும் தோசை. எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் இன்னொன்றைச் சேர்த்து வைத்தால் இடம்தான் அடைபடும், நேரம் மிஞ்சாது.

ஆகவே முதல் வேலை, நேரம் எங்கே போகிறது என்று பார்ப்பது.

6.1 முதலில் அளந்து பாருங்கள்

யோக்டோவின் மாதிரி லோக்கல்.கான்ஃப் கோப்பில் பில்ட்ஸ்டாட்ஸ் என்ற வகுப்பு இயல்பாகவே சேர்ந்திருக்கும். பில்ட் முடிந்ததும் டிஎம்பி அடைவுக்குள் பில்ட்ஸ்டாட்ஸ் என்ற அடைவைத் திறந்து பாருங்கள். ரெசிபிக்கு ஓர் அடைவு, அதனுள் பணிக்கு ஒரு கோப்பு. டூ_ஃபெட்ச், டூ_கம்பைல் என்ற பெயர்களில் இருக்கும் அந்தக் கோப்புகளில் அந்தந்தப் பணி எத்தனை நொடி எடுத்தது என்று எழுதியிருக்கும்.

இங்கே ஓர் ஏமாற்று இருக்கிறது. டூ_ஃபெட்ச் நேரங்களையெல்லாம் கூட்டிப் பெரிய எண் வந்ததும், அவ்வளவும் மிச்சமாகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு ரெசிபி இறங்கிக்கொண்டிருக்கும்போதே வேறொன்று கம்பைல் ஆகிக்கொண்டிருக்கும். கூட்டுத்தொகை வேறு, நீங்கள் காத்திருந்த நேரம் வேறு. எனவே மூன்று நிலைகளில் தனித்தனியாக ஓட்டிக் கடிகாரத்தில் பாருங்கள்.

அ) களஞ்சியம் காலி. மூலநிரலை மட்டும் இறக்குங்கள். கட்டளை: பிட்பேக் கோர்-இமேஜ்-மினிமல் --ரன்ஆல்=ஃபெட்ச்

ஆ) களஞ்சியம் நிரம்பியிருக்கிறது, எஸ்ஸ்டேட் காலி. முழு பில்ட்.

இ) இரண்டும் நிரம்பியிருக்கின்றன. டிஎம்பி அடைவை அழித்துவிட்டு மறுபடி முழு பில்ட்.

அ பெரிதாக இருந்தால் 6.2, 6.3 பிரிவுகள் உங்களுக்கு உடனே பயன்படும். ஆ-வுக்கும் இ-க்கும் இடைவெளி அதிகமென்றால் 6.5 முக்கியம். மூன்றும் பரவாயில்லை, ஆனால் ஒரு வரி திருத்திப் பார்ப்பதற்கே பொழுது போய்விடுகிறது என்றால் நேரே 6.6-க்குப் போங்கள். அப்படியானாலும் 6.4-ஐ விட்டுவிட வேண்டாம். அது வேகத்தைப் பற்றியதல்ல.

6.2 பிட்பேக் எங்கெங்கே தேடுகிறது

ஒரு கோப்பு வேண்டுமென்றால் பிட்பேக் நான்கு இடங்களில் வரிசையாகத் தேடும். முதலில் டிஎல்_டிஐஆர் என்ற மாறி காட்டும் அடைவு. அங்கே இல்லையென்றால் ப்ரிமிரர்ஸ் பட்டியலில் உள்ள இடங்கள். அதன்பின் ரெசிபியில் எழுதியிருக்கும் மூல முகவரி. அதுவும் கைவிட்டால் கடைசியாக மிரர்ஸ் பட்டியல்.

உங்கள் குழுவின் களஞ்சியத்தை இரண்டாவது இடமான ப்ரிமிரர்ஸில் நிறுத்துவதுதான் இந்த அத்தியாயத்தின் சாரம். மிரர்ஸ் பட்டியலில் சேர்த்தால் மூல சர்வரைத் தட்டிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் உங்கள் நகலுக்கு வரும். அது விபத்துக்கு உதவுமே தவிர வேகத்துக்கு உதவாது.

நகலிலிருந்து எடுத்தாலும் டார்பாலுக்கு ரெசிபியில் எழுதிய ஷா256 செக்சம் சரிபார்க்கப்படும். கிட் என்றால் குறிப்பிட்ட கமிட் இருந்தே ஆக வேண்டும். ஆகவே நகல் வழியாக வேறு கோப்பு நுழைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

6.3 களஞ்சியம் அமைத்தல், படிப்படியாக

படி 1. வட்டு. ஸ்கார்த்கேப் கையேடு ஒரு பில்டுக்கே 90 ஜிபி காலியிடம் கேட்கிறது. களஞ்சியத்தையும் எஸ்ஸ்டேட்டையும் அதோடு சேர்த்து வைக்காமல் தனி எஸ்எஸ்டியில் வையுங்கள். ஒரு டிபி போதும். லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த ரோச்சோரில், சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிக்கொண்டு, லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் வடகிழக்கு ரயில் பாதையில் பொங்கோல் கோஸ்ட் வரை வண்டி மாறாமல் வந்துவிடலாம். அந்த நிலையம் 2024 டிசம்பர் 10 முதல் இயங்குகிறது.

படி 2. ஒரே கணினியில் பல திட்டங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே டிஎல்_டிஐஆர் கொடுங்கள். இயல்பிருப்பில் இது ஒவ்வொரு பில்ட் அடைவுக்குள்ளும் தனித்தனி டவுன்லோட்ஸ் ஆக உருவாகி, அதே கர்னல் நான்கு முறை இறங்கும். ஒரே கணினிக்குள் பல பில்டுகள் இதைப் பகிர்ந்துகொள்வதில் ஆபத்தில்லை. பூட்டுக் கோப்புகள் பார்த்துக்கொள்ளும். பல கணினிகள் என்று வரும்போது எல்லோரும் எழுதும் ஒரே பொது அடைவாக வைக்காதீர்கள். ஒருவர் எழுத, மற்றவர் படிக்கும்படி வைப்பதுதான் நிம்மதி. பில்ட் மெஷின் எழுதும். நான்கு மேசைக் கணினிகளும் படிக்கும்.

படி 3. கிட் மூலங்களை டார்பாலாக்குதல். பில்ட் மெஷினில் இந்த வரி வேண்டும்:

பிபி_ஜெனரேட்_மிரர்_டார்பால்ஸ் = "1"

கிட்டிலிருந்து இறக்கும் மூலம் இயல்பாக கிட்2 என்ற உள்அடைவில் கிடக்கும். அதை மிரராகப் பயன்படுத்த முடியாது. இந்த வரி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டார்பால் உருவாகும். அதன் பெயர் கிட்2_ என்று தொடங்கி, சர்வர் பெயரும் பாதையும் புள்ளிகளால் இணைந்து வரும். இந்த வரியை மறந்துவிட்டு, "மிரர் வைத்தும் கர்னல் வெளியிலிருந்துதான் இறங்குகிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். கர்னல் 6.6-இன் வெளியீட்டு டார்பால் 140 எம்பி அளவுதான். முழு வரலாற்றோடு கிட் நகல் எடுத்தால் பல ஜிபி. இந்த ஒரு ரெசிபி உள்ளூரில் இருந்தாலே பெரும் பகுதி மிச்சம்.

படி 4. எல்லாவற்றையும் இறக்குங்கள். மேலே அ-வில் சொன்ன கட்டளையை உங்கள் உண்மையான இமேஜின் பெயரோடு பில்ட் மெஷினில் ஓட்டுங்கள். எஸ்டிகே கட்டுவதுண்டென்றால் அதற்கும் ஒருமுறை.

படி 5. களஞ்சியத்துக்கு நகர்த்துங்கள். டிஎல்_டிஐஆரிலிருந்து உண்மைக் கோப்புகளை மட்டும் மிரர் அடைவுக்குப் பிரதி எடுங்கள். டன் என்று முடியும் அடையாளக் கோப்புகள், பூட்டுக் கோப்புகள், கிட்2 அடைவு ஆகியவை வேண்டாம். குறியீட்டு இணைப்புகளையும் விட்டுவிடுங்கள். உள்ளூர் அடைவையே மிரராகக் கொடுத்திருந்தால், டிஎல்_டிஐஆருக்குள் பிட்பேக் வைப்பது கோப்பின் பிரதியை அல்ல, மிரரைச் சுட்டும் இணைப்பை. அதைத் திரும்ப மிரருக்கே பிரதி எடுத்தால் தன்னையே சுட்டும் வெற்றுப் பெயர்தான் மிஞ்சும்.

படி 6. மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள். மிரர் அடைவை எளிய வலை சர்வர் ஒன்றின் வழியாக, படிக்க மட்டும், அலுவலக வலைக்குள் வையுங்கள். என்ஜின்எக்ஸ் போதும். பிறகு மேசைக் கணினிகளில்:

இன்ஹெரிட் += "ஓன்-மிரர்ஸ்"
சோர்ஸ்_மிரர்_யூஆர்எல் = "மிரரின் முகவரி"

இவற்றை லோக்கல்.கான்ஃபில் எழுத வேண்டாம். அதே கான்ஃப் அடைவில் சைட்.கான்ஃப் என்று ஒரு கோப்பு வைத்து அதில் எழுதுங்கள். பிட்பேக் அதையும் படிக்கும். திட்டத்துக்குத் திட்டம் மாறுவது லோக்கல்.கான்ஃபில், அலுவலகத்துக்கு உரியது சைட்.கான்ஃபில் என்று பிரிந்திருந்தால் புதிதாக வருபவருக்குக் கொடுக்க ஒரே கோப்புதான். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் அந்தக் கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கிவிட்டால் போதும்.

படி 7. சோதியுங்கள். ஒரு மேசைக் கணினியில் டிஎல்_டிஐஆரைக் காலியான புதிய அடைவுக்கு மாற்றி, பிபி_ஃபெட்ச்_ப்ரிமிரர்ஒன்லி = "1" என்று வைத்து மறுபடி ஃபெட்ச் ஓட்டுங்கள். மிரரில் இல்லாத எதுவும் இப்போது பிழையாக வந்து நிற்கும். அந்தப் பட்டியல்தான் உங்கள் பாக்கி வேலை. பிபி_நோ_நெட்வொர்க் என்ற மாறியும் இருக்கிறது. அது வலையை முற்றாக அடைத்துவிடும், உங்கள் வலை சர்வரில் உள்ள மிரரையும் சேர்த்து. மிரர் வட்டிலேயே இருந்தால் மட்டும் அதைப் போடுங்கள்.

இந்தச் சோதனையில் வழக்கமாக மாட்டுபவை மூன்று. ஒன்று, ஆட்டோரெவ். ரெசிபியில் கமிட்டைக் குறிப்பிடாமல் "கடைசியாக உள்ளது" என்று எழுதியிருந்தால், எது கடைசி என்று கேட்கவே ஒவ்வொரு முறையும் பிட்பேக் வெளியே போயாக வேண்டும். இரண்டு, முகவரியில் கமிட்டுக்குப் பதில் டேக் பெயர் கொடுத்திருப்பது. இதற்கும் வெளியே போய்க் கேட்க வேண்டிவரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எஸ்ஆர்சிரெவ் மாறியில் முழுக் கமிட் எண்ணை எழுதுவது. மூன்று, கம்பைல் நடுவில் தானே இணையத்துக்குப் போய்ப் பொருள் வாங்கும் ரெசிபிகள். கோ மொழியிலும் நோட் தளத்துக்கும் எழுதியவற்றில் இது அதிகம். 2022-இல் வந்த கிர்க்ஸ்டோன் முதல் டூ_ஃபெட்ச் தவிர மற்றப் பணிகளுக்கு வலை இயல்பாகவே அடைபட்டிருக்கிறது. ஆனால் ரெசிபி எழுதியவர் டூ_கம்பைல் பணிக்கு நெட்வொர்க் கொடியை "1" ஆக்கித் திறந்துவிட்டிருக்கலாம். உங்கள் லேயர்கள் முழுவதிலும் அந்தக் கொடியை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

6.4 சர்வர்கள் ஏன் கைவிடுகின்றன

வேகத்துக்காகத் தொடங்கிய களஞ்சியம் வேறொரு நாளில்தான் தன் உண்மையான பயனைக் காட்டும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்த ஐந்து சம்பவங்களைப் பாருங்கள். ஐந்தும் ஐந்து விதமான காரணங்கள்.

2011 ஆகஸ்ட்: கர்னல் தளத்தின் சர்வர்களில் ஊடுருவல் தெரியவந்து, தளம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது.

2022 மார்ச் 15: மறையாக்கம் இல்லாத கிட் நெறிமுறையை கிட்ஹப் நிரந்தரமாக நிறுத்தியது. முந்தைய நாள் வரை ஓடிய பழைய ரெசிபிகள், முகவரியில் புரோட்டோகால்=ஹெச்டிடிபிஎஸ் என்று சேர்க்கும்வரை ஓடவில்லை.

2023 ஜனவரி 30: கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் டார்பால்களைச் சுருக்கும் முறை மாறியது. உள்ளே இருக்கும் நிரல் அதேதான். வெளிச் சுருக்கத்தின் பைட்டுகள் மட்டும் வேறு. செக்சம் பார்க்கும் பில்டுகளெல்லாம் உலகெங்கும் விழுந்தன. சில மணி நேரத்தில் மாற்றம் திரும்பப் பெறப்பட்டது.

2023 மார்ச் 31: கோட் அரோரா ஃபோரம் தன் சர்வர்களை மூடியது. நம் உதாரணக் குழுவுக்கு இதுதான் நெருக்கமானது. ஐ.எம்எக்ஸ் சில்லுகளுக்கான கர்னலையும் யூ-பூட்டையும் என்எக்ஸ்பி பல ஆண்டுகள் அங்கேதான் வைத்திருந்தது; பின்னர் கிட்ஹப்புக்கு மாறியது. 2020-இல் விற்ற ஒரு பெட்டிக்கு இன்று திருத்தம் வெளியிட வேண்டுமென்றால், அன்றைய ரெசிபிகள் காட்டும் முகவரியில் இன்று யாரும் இல்லை. மிரர் டார்பால் வைத்திருப்பவருக்குக் கவலையில்லை. டார்பாலின் பெயர் பழைய முகவரியிலிருந்து உருவானது, பழைய ரெசிபி தேடுவதும் அதே பெயரைத்தான். ஒரு வரிகூட மாற்றாமல் பில்ட் ஓடும்.

2024 மார்ச் இறுதி: எக்ஸ்இசட் சுருக்கி மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. கிட்ஹப் அந்தத் திட்டத்தின் களஞ்சியத்தையே சில நாள் முடக்கியது. நல்ல பதிப்பை அங்கிருந்து இறக்கி வந்தவர்களுக்கும் கதவு சாத்தியது.

இந்தக் கடைசிச் சம்பவம் இரண்டு பக்கமும் வெட்டும். மிரர் இருந்தால் நல்ல பதிப்பு கையில் இருக்கும்; ஏற்கெனவே கெட்ட பதிப்பு இறங்கியிருந்தால் அதுவும் பத்திரமாக இருக்கும். செக்சம் சொல்வது "அன்று இறக்கிய அதே கோப்பு" என்பதை மட்டுமே. அந்தக் கோப்பு நல்லது என்று அது சொல்வதில்லை. ஆகவே மிரரோடு ஒரு விலக்குப் பட்டியலும் வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கை வந்த டார்பாலை மிரரிலிருந்து எடுத்து, யாரும் படிக்க முடியாத தனி அடைவில் பூட்டி வையுங்கள். அழித்துவிட வேண்டாம். எந்தெந்த வெளியீட்டில் அது போனது என்று பின்னால் ஆராய வேண்டிவந்தால் தேவைப்படும்.

6.5 கட்டியதைக் கட்டாதிருத்தல்

எஸ்ஸ்டேட் கேஷ் மூலநிரலின் நகலல்ல, முடிந்த வேலையின் நகல். ஒவ்வொரு பணிக்கும் அதன் உள்ளீடுகள் அனைத்தையும் கொண்டு பிட்பேக் ஒரு ஹாஷ் கணக்கிடுகிறது. அதே ஹாஷில் முடிவு ஏற்கெனவே இருந்தால், கம்பைல் செய்யாமல் எடுத்து வைத்துவிடும். அப்போது மூலநிரலே தேவைப்படாது என்பதால் பெரும்பாலான ரெசிபிகளுக்கு ஃபெட்சும் நடக்காது. ஜிசிசியையும் ஜிலிப்சியையும் நான்கு பேரும் தனித்தனியாகக் கட்டுவது நின்றாலே குழுவுக்குப் பெரிய விடுதலை.

பகிர்வதற்கு முறை முன்போலத்தான்: பில்ட் மெஷினின் எஸ்ஸ்டேட்_டிஐஆர் அடைவை வலை சர்வரில் திறந்து, மற்றவர்கள் எஸ்ஸ்டேட்_மிரர்ஸ் மாறியில் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். ஆனால் அடைவை மட்டும் பகிர்ந்தால் பாதி வேலைதான் முடியும். உள்ளீடு மாறியும் வெளியீடு மாறாத பணிகளை ஒன்றாகக் கருத, பிட்பேக் ஒரு ஹாஷ் சமானப் பட்டியலை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கணினியும் தன் பட்டியலைத் தானே வைத்துக்கொண்டால், கேஷ் முன்னால் இருந்தும் "இது வேறு" என்று கருதி மறுபடி கட்டத் தொடங்கும். பில்ட் மெஷினில் ஹாஷ் சர்வர் ஒன்றை ஓடவிட்டு, மற்றக் கணினிகளின் பிபி_ஹாஷ்சர்வ் மாறியை அதன்மேல் திருப்புங்கள்.

யோக்டோ திட்டம் தன் பொதுக் கேஷையும் ஹாஷ் சர்வரையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஸ்கார்த்கேப்பின் மாதிரி லோக்கல்.கான்ஃபில் அதற்கான வரிகள் குறிப்பாக இருக்கும். முதல் நாள் முயன்று பார்க்க அது நல்லது. உங்கள் சில்லுக்கும் உங்கள் லேயர்களுக்கும் அங்கே எதுவும் இருக்காது என்பதை மறக்க வேண்டாம்.

எஸ்ஸ்டேட்டை அழித்தால் நேரம்தான் போகும். களஞ்சியத்தை அழித்தால் திரும்பக் கிடைக்காமலே போகலாம். வட்டு நிரம்பும்போது எதில் கை வைப்பது என்பதற்கு இதுவே விதி.

6.6 ஒரு வரி திருத்த ஒரு பொழுதா?

நம் குழுவில் ஒருவர் சென்சார் படிக்கும் நிரலில் ஒரு வரியை மாற்றுகிறார். முறைப்படி போனால்: கமிட், புஷ், ரெசிபியில் எஸ்ஆர்சிரெவ் மாற்றம், பிறகு பிட்பேக் இறக்கி, விரித்து, பேட்ச் போட்டு, கான்ஃபிகர் செய்து, எல்லாக் கோப்பையும் புதிதாகக் கம்பைல் செய்யும். அந்த வரியில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் மறுபடி முதலிலிருந்து.

இதற்குத்தான் டெவ்டூல். டெவ்டூல் மாடிஃபை என்று ரெசிபியின் பெயரைக் கொடுத்தால், வொர்க்ஸ்பேஸ் அடைவுக்குள் மூலநிரலை விரித்து, ரெசிபியின் பேட்ச்களைத் தனித்தனிக் கமிட்டுகளாகப் போட்டுத் தரும். அங்கேயே திருத்துங்கள், டெவ்டூல் பில்ட் என்றால் மாறிய கோப்பு மட்டும் கம்பைல் ஆகும். டெவ்டூல் டிப்ளாய்-டார்கெட் என்று பலகையின் முகவரியைக் கொடுத்தால் எஸ்எஸ்ஹெச் வழியாகப் பலகைக்கே போய்விடும். இமேஜ் கட்டி எஸ்டி கார்டில் எழுதும் சடங்கு மிச்சம். திருப்தியானதும் டெவ்டூல் ஃபினிஷ். திருத்தம் பேட்சாக உங்கள் லேயருக்குப் போய்ச் சேரும்.

நிரல் ஏற்கெனவே உங்கள் கணினியில் ஓர் அடைவில் இருந்தால் எக்ஸ்டர்னல்எஸ்ஆர்சி என்ற வகுப்பு நேரே அதைக் காட்டும்:

இன்ஹெரிட் += "எக்ஸ்டர்னல்எஸ்ஆர்சி"
எக்ஸ்டர்னல்எஸ்ஆர்சி:பிஎன்-ரெசிபிபெயர் = "அடைவின் பாதை"

பழைய கட்டுரைகளில் கோலன் இருக்கும் இடத்தில் அடிக்கோடு இருக்கும். 2021 அக்டோபரில் வந்த ஹோனிஸ்டர் முதல் கோலன்தான். இவ்வழியில் ஃபெட்ச், விரித்தல், பேட்ச் மூன்று பணிகளும் நீக்கப்படும். ரெசிபியில் பேட்ச் இருந்தால் அது போடப்படாது என்பதை மனத்தில் வையுங்கள்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஆபத்து, மறதி. வொர்க்ஸ்பேஸ் லேயர் செயலில் இருக்கும்வரை உங்கள் இமேஜில் போவது உங்கள் கணினியில் கிடக்கும் நிரல்தான், ரெசிபி சொல்லும் கமிட் அல்ல. ஆகவே வெளியீட்டு இமேஜ் பில்ட் மெஷினில் மட்டுமே கட்டப்பட வேண்டும். அதில் வொர்க்ஸ்பேஸ் லேயரோ எக்ஸ்டர்னல்எஸ்ஆர்சி வரியோ இருக்கவே கூடாது.

பில்ட்ரூட் பயன்படுத்துபவர்களுக்கு இவையே வேறு பெயரில். களஞ்சியத்துக்கு பிஆர்2_டிஎல்_டிஐஆர், முதலில் தேட வேண்டிய சர்வருக்கு பிஆர்2_ப்ரைமரி_சைட், எல்லாவற்றையும் முன்கூட்டி இறக்க மேக் சோர்ஸ். வேலைப்பிரதிக்கு லோக்கல்.எம்கே கோப்பில் பொட்டலத்தின் பெயரோடு _ஓவர்ரைடு_எஸ்ஆர்சிடிஐஆர் சேர்த்துப் பாதையைக் கொடுங்கள். ஜெஃபைர் பயன்படுத்துபவர்கள் வெஸ்ட் அப்டேட் கட்டளைக்கு --பாத்-கேஷ் என்று உள்ளூர் நகலைக் காட்டலாம். வெறும் கிட் என்றால் --ரெஃபரன்ஸ் உதவும். ஆனால் மூல நகலை யாராவது அழித்தால் அதைச் சார்ந்த எல்லா நகலும் உடைந்துபோகும். பாதுகாப்பாக வேண்டுமென்றால் --டிஸோசியேட் சேருங்கள்.

6.7 சட்டமும் இதையே கேட்கிறது

ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி மூலநிரலை எழுத்துமூல உறுதிமொழி வழியாகத் தருவதானால், அந்த உறுதிமொழி மூன்று ஆண்டுகளாவது செல்லுபடியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் நடைமுறைக்கு வருகின்றன. பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாமல் பாதுகாப்புத் திருத்தம் தரச் சொல்கிறது. பொங்கோலில் செய்த பெட்டி ராட்டர்டாமில் விற்றால் அந்தக் கடமை பொங்கோலுக்கும் வரும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2020 அக்டோபரில் தொடங்கிய பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தில் மென்பொருளைப் புதுப்பித்துவருவதை அடிப்படைத் தேவைகளுள் ஒன்றாகக் கேட்கிறது. ஐந்தாண்டு கழித்தும் அதே இமேஜைக் கட்ட முடியாதவரால் திருத்தம் தர முடியாது. யோக்டோவின் ஆர்க்கைவர் வகுப்பைச் சேர்த்தால் ஒவ்வொரு வெளியீட்டின் மூலநிரலும் தனியே திரண்டு வரும்.

6.8 பழுது பார்க்கும் பட்டியல்

மிரர் இருந்தும் கிட் மூலங்கள் வெளியிலிருந்து இறங்குகின்றன: பில்ட் மெஷினில் டார்பால் உருவாக்கும் வரி இல்லை, அல்லது ரெசிபியின் முகவரி மாறியதால் டார்பாலின் பெயர் பொருந்தவில்லை.

ஒன்றும் மாறாமலே ஒவ்வொரு முறையும் வலையைத் தேடுகிறது: ஆட்டோரெவ் அல்லது டேக்.

செக்சம் பொருந்தவில்லை: மிரரில் பாதியில் நின்ற பிரதி இருக்கலாம். அதை நீக்கி மறுபடி இறக்குங்கள். வெளியிலிருந்து வருவதே பொருந்தவில்லையென்றால் ரெசிபியின் செக்சத்தை மாற்றிவிட்டுப் போய்விடாதீர்கள். ஏன் மாறியது என்று தெரிந்த பிறகே கை வையுங்கள்.

எஸ்ஸ்டேட் பகிர்ந்தும் எல்லாம் புதிதாகக் கட்டுகிறது: ஹாஷ் சர்வர் பொதுவாக இல்லை, அல்லது ஒருவர் லோக்கல்.கான்ஃபில் பொதுவான கொடி ஒன்றை மாற்றியிருக்கிறார்.

திருத்தியது இமேஜில் வரவில்லை, அல்லது திருத்தாதது வருகிறது: வொர்க்ஸ்பேஸ் லேயரைப் பாருங்கள்.

வெளியீட்டுக்கு முன் கையெழுத்திட வேண்டிய நான்கு

1. எல்லா ரெசிபியிலும் கமிட் எண் முழுமையாக இருக்கிறது. ஆட்டோரெவ் எங்கும் இல்லை.

2. காலியான டிஎல்_டிஐஆரோடு, மிரரை மட்டும் நம்பி, எஸ்ஸ்டேட் இல்லாமல் முழு இமேஜ் கட்டப்பட்டது.

3. மிரரின் அன்றைய நிலை வெளியீட்டு எண்ணோடு வேறொரு வட்டில் எழுதப்பட்டு, அந்த வட்டு வேறொரு கட்டடத்தில் இருக்கிறது.

4. அந்த வட்டிலிருந்து, இந்தத் திட்டத்தில் இதுவரை வேலை செய்யாத ஒருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து இமேஜைக் கட்டிக் காட்டினார்.

நான்காவதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். புதிதாகச் சேரும் பொறியாளருக்கோ பயிற்சிக்கு வரும் மாணவருக்கோ முதல் வார வேலையாக அதைக் கொடுங்கள். அவர் எங்கெல்லாம் எழுந்து வந்து உங்களிடம் கேட்கிறாரோ, அங்கெல்லாம் உங்கள் குறிப்பில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். அவர் மேசையை விட்டு எழுவதற்குள் அந்த வரியை எழுதிவிடுங்கள்.